வரிசையாகக் கொட்டிய கதம்ப வண்டு

தென்காசி, ஜூலை 11, சனி காலை.

நேற்று நம் வடகரைத் தோப்பில் உங்கள் முகத்தில் கதம்ப வண்டு கொட்டியது. அதைக் கேட்டுப் பதறிய பக்கத்து வீட்டுச் சொரிமுத்து அண்ணாச்சி தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லிவிட்டார். பத்து மணிக்கு வருகிறார்கள். கூட்டை நீங்கள்தான் காட்ட வேண்டும். தோப்புச் சாவி டிவி மேல் இருக்கிறது.

நீங்கள் தூங்கும்போது உங்கள் போன் அடித்தது, எடுத்தேன். தோல் ஆஸ்பத்திரிப் பெண். "உங்க வீட்டு அண்ணாச்சிய இன்னைக்கு அருவியில குளிக்க விட்டுராதீங்க. அவுக ரத்தத்துலயே தட்டணுவப் பிரிச்சு மூஞ்சியில ஊசி போட்டிருக்கு, வயசக் குறைச்சுக் காட்டுததுக்கு" என்றாள். எந்த வண்டு கன்னத்தில் இத்தனை வரிசையாகக் கொட்டும் என்று ராத்திரியே யோசித்தேன்.

நம் வேல்விழி கல்யாணத்தில் சம்பந்திக்குப் பக்கத்தில் கிழவராகத் தெரிவோம் என்று பயந்தீர்களா? என்னிடம் சொல்லியிருக்கலாம். சிரித்திருப்பேன், ஆனால் கூட வந்திருப்பேன்.

இட்லி ஹாட்பாக்ஸில். முகம் கழுவ வேண்டாம்.

வள்ளித்தாய்

தீயணைப்புக்காரர்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் சும்மா கொஞ்ச நேரம் பயப்பட வேண்டும் என்றுதான் மேலே அப்படி எழுதினேன்.

இன்னொன்று: அதே ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறேன். மத்தியானம் திரும்பும்போது என்னையும் வண்டு கொட்டியிருக்கும்.