ஐம்பது கிலோவுக்குள்

மார்ச் 3

எடை 51. இன்னும் ஒரு கிலோ போயாக வேண்டும். சனிக்கிழமைப் பந்தயத்தில் செவலைக் குதிரையின் மேல் ஏறும்போது ஐம்பதுக்குள் இருக்க வேண்டும், இல்லையென்றால் வேறு ஜாக்கி ஏறிவிடுவான். வியர்த்து எடை இறங்க, பிளாஸ்டிக் சட்டை போட்டுக்கொண்டு லாயத்தைச் சுற்றி ஓடினேன். அரை டம்ளர் தண்ணீர், இரண்டு ஆரஞ்சுச் சுளை. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பிழைக்கிறோம் என்று மற்றவர்கள் ஒரு பேச்சுக்குச் சொல்வார்கள். எங்கள் தொழிலில் அது நிஜம்.

இவள் தன் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்ச் சாப்பிட்டாள். என் எதிரே சாப்பிட அவளுக்குக் கூச்சம். கல்யாணம் ஆகி இத்தனை வருஷமாகியும் அது போகவில்லை.

மார்ச் 13

இன்றுதான் பேனா பிடிக்க முடிகிறது.

கடைசி வளைவில் செவலை முன்னங்கால் மடங்கி விழுந்தது. நான் கீழே, அது என் கால் மேல். இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது என்கிறார்கள். நல்லவேளை, நான் பார்க்கவில்லை. இப்போது காலைச் சுற்றி இரும்புச் சட்டம். அதிலிருந்து கம்பிகள் உள்ளே போகின்றன. நடுவில் ஒரு திறந்த புண். கட்டுப் பிரிக்கும்போது உயிர் போய் உயிர் வருகிறது.

ட்ரெய்னர் வந்தார். செவலைக்கும் முன்னங்காலில் அடியாம், ஆனால் பிழைத்துவிடும். போகும்போது சொன்னார்: "அடுத்த சீசன் தொடங்கறப்ப உன் எடம் உனக்குத்தான்டா. ஆனா படுத்தே கெடந்து பெருத்துடாதே. ஐம்பதத் தாண்டிட்டேன்னா என் கையில ஒண்ணும் இல்ல."

மார்ச் 15

ஆஸ்பத்திரியில் யாருக்கு என்ன சாப்பாடு என்று எழுதிக் கொடுக்கும் சத்துணவு அம்மா வந்தார். மூக்குக் கண்ணாடி, வேகமான பேச்சு. தினமும் நாலு முட்டை, மூன்று வேளை பால், பருப்பு, மீன், இடையில் புரதப் பொடி. கேட்கும்போதே எனக்கு வியர்த்தது. பந்தயக் காலத்தில் ஒரு வாரத்துக்கு நான் சாப்பிடுவது இது.

"இவ்வளவு எதுக்கும்மா? சும்மாதானே படுத்திருக்கேன்?"

"யாரு சும்மா படுத்திருக்கா? உள்ள ராப்பகலா கட்டட வேலை நடக்குது சார். எலும்பு ஒட்டணும், சதை வளரணும். நீங்க சாப்பாடு குடுக்கலேன்னா உடம்பு இருக்கற சதையையே கரைச்சு எடுத்துக்கும்."

கரையட்டுமே, நல்லதுதானே என்று நினைத்துக்கொண்டேன். தலையை மட்டும் ஆட்டினேன்.

மார்ச் 18

ஒரு வழி கிடைத்துவிட்டது. பக்கத்துக் கட்டிலில் லாரி ஓட்டும் அண்ணன் ஒருவர். தொடை எலும்பு முறிந்து கிடக்கிறார். ஆள் மலை மாதிரி, பசியும் அப்படியே. ஆஸ்பத்திரிச் சாப்பாடு அவருக்குப் பல்லுக்குக்கூடப் பத்தவில்லை. இவள் தினமும் வீட்டிலிருந்து வேக வைத்துக் கொண்டு வரும் முட்டை எனக்கு ஒத்துக்கொள்ளாது, வீணாய்ப் போகிறது, நீங்கள் சாப்பிட்டால் அவளுக்கும் சந்தோஷம் என்றேன்.

"வீணாப் போறதா? நான் எதுக்குத் தம்பி இருக்கேன்!"

தட்டு கை மாறியது. நர்ஸ் வந்து காலித் தட்டைப் பார்த்துவிட்டு 'குட்' என்றாள். பொடி கலந்த பால் கட்டிலடியில் இருந்த வாளிக்குப் போனது. எனக்கு ரொட்டி ஒன்று, டீ.

மார்ச் 24

இங்கே எடை பார்க்க முடியாது, எழுந்து நின்றால்தானே. கட்டைவிரலையும் நடுவிரலையும் வளைத்து மேற்கையைப் பிடித்துப் பார்க்கிறேன். ஒரு விரல்கடை இடைவெளி.

மார்ச் 29

விரலும் விரலும் தொட்டுக்கொள்கின்றன.

ஏப்ரல் 2

டாக்டருக்குக் குழப்பம். தொடையிலிருந்து தோல் எடுத்துப் புண் மேல் வைத்தார்கள், அது ஒட்டிப் பிடிக்கவில்லை. மருந்தை மாற்றுகிறார். ரத்தத்தில் புரதம் குறைவாம். சத்துணவு அம்மா என் கட்டிலருகே நின்று, காலித் தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தட்டும் காலியாத்தான் இருக்கு, நீங்களும் காலியாத்தான் இருக்கீங்க. எங்கதான் போகுது சார் எல்லாம்?"

லாரி அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

மாலையில் ட்ரெய்னர். செவலையை ராஜா மாதிரி கவனிக்கிறார்களாம். ஓட்ஸ், சோயா, எண்ணெய், வெளியூரிலிருந்து வரவழைத்த பொடி. "அடிபட்ட குதிரைக்குத் தீனிதான்டா மொதல் மருந்து. கால் பாட்டுக்கு ஒட்டிக்கும்" என்றார். பிறகு என் கையைத் தொட்டுப் பார்த்து, "பரவால்ல, எடைய நல்லா வெச்சிருக்கே" என்றார்.

அவர் வாயால் பாராட்டு கேட்டு எவ்வளவு நாளாயிற்று! அந்தச் சந்தோஷத்திலேயே தூங்கிவிட்டேன்.

ஏப்ரல் 5

சீப்பில் முடி கொத்தாக வருகிறது. எப்போதும் குளிர். தையல் கடை வேலையிலிருந்து நேரே வந்த இவள் தன் சால்வையைப் போர்த்திவிட்டாள். "நாலு முட்டை சாப்பிட்டும் ஏங்க இப்படி?" என்று கேட்டாள். மருந்து அப்படி என்றேன்.

ஏப்ரல் 11

லாரி அண்ணன் ஊன்றுகோலோடு நடந்தே வீட்டுக்குக் கிளம்பினார். வாசல் வரை போனவர், இவளைப் பார்த்ததும் திரும்பி வந்து கும்பிட்டார்.

"தங்கச்சி, நீ குடுத்து விட்ட முட்டைதாம்மா என்னை எழுப்பி விட்டுது. தம்பிக்கு ஒத்துக்கலேன்னாலும் தினம் எனக்காகக் கொண்டு வந்தே பாரு, அந்த மனசு யாருக்கு வரும்?"

இவள் சிரித்தாள். அவர் லிஃப்ட்டில் ஏறும் வரை அப்படியே சிரித்துக்கொண்டு நின்றாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பாமல் போய்விட்டாள்.

ஏப்ரல் 12

வந்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். மெதுவாகத்தான் பேசினாள், அதுதான் தாங்கவில்லை.

"விடியறதுக்கு முன்னாடி எழுந்து வேக வெச்சு, உரிச்சு, ரெண்டு பஸ் மாறிக் கொண்டு வந்தேன். எதுக்கு? அந்த லாரி ஓடறதுக்கா?"

நான் சீசன், ஐம்பது கிலோ, ட்ரெய்னர் என்று ஏதோ உளறினேன்.

"அந்த ஆளு குதிரைக்கு என்ன போடறான்னு நீங்கதானே சொன்னீங்க? குதிரை தின்னாக் கால் ஒட்டும், நீங்க பட்டினி கெடந்தா ஒட்டுமா? அவனுக்குக் குதிரை வேணும். நீங்க யாருக்குங்க வேணும்? எனக்கு மட்டுந்தானே?"

அப்போதுதான் உறைத்தது. அன்றைக்கே காதில் விழுந்த பேச்சுதானே! நான் ஏன் அதை என் காலுக்கு எடுத்துக்கொள்ளவில்லை? பதினான்கு வயதில் லாயத்துக்கு வந்தவன். பசித்தால் சரியாக இருக்கிறேன் என்று அர்த்தம், பசி இல்லையென்றால் பயம் — இது மட்டும்தான் எனக்குத் தெரியும். அவள் அழுதாள். நானும் அழுதேன். போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு அழுதேன், வெட்கங்கெட்டவன்.

அவளே போய் டாக்டரிடம் சொன்னாள்.

ஏப்ரல் 14

சாப்பிடுகிறேன், வாந்தி வருகிறது. ஒரு முட்டை முழுசாக இறங்கவில்லை. வயிறு கைப்பிடி அளவுக்குச் சுருங்கிவிட்டது. மூக்கு வழியாகக் குழாய் போட்டுச் சொட்டுச் சொட்டாக இறக்குகிறார்கள். சத்துணவு அம்மா திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஏப்ரல் 27

காய்ச்சல். புண்ணின் ஓரம் கறுப்பு. இவள் மூக்கைச் சுளிக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். எனக்கே வாடை அடிக்கிறது.

மே 6

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததும் தெரிந்துவிட்டது.

எலும்புக்குள் சீழ். ஒட்டவே இல்லை. இனியும் விட்டால் உயிருக்கு ஆபத்து. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும்.

"நான் சாப்பிடாததாலயா டாக்டர்?"

"அது மட்டும்தான்னு சொல்ல மாட்டேன். கால் நசுங்கியிருந்தது, புண்ணுல மண்ணு. நல்லா சாப்பிட்டிருந்தாலும் போயிருக்கலாம். ஆனா சாப்பிட்டிருந்தா அந்தக் காலுக்கு ஒரு வாய்ப்பு இருந்திருக்கும்."

பொய் சொல்லாத மனுஷன். அவர் கொஞ்சம் பொய் சொல்லியிருந்தால் என்ன?

மே 11

எடுத்துவிட்டார்கள். இல்லாத பாதத்தில் அரிக்கிறது.

மே 23

ட்ரெய்னர் போனில் பேசினார். செவலை மறுபடி ஓடத் தொடங்கிவிட்டதாம், சீசனுக்குத் தயாராம். மேலே யார் ஏறப்போகிறார்கள் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள் என்றார்.

ஜூன் 2

நாற்காலியோடு எடை பார்க்கும் தராசு ஒன்று வந்திருக்கிறது. உட்கார வைத்தார்கள். 41. வியர்க்க ஓடி, தண்ணீரைக் கொப்பளித்துத் துப்பி, வாழ்நாள் முழுக்க முயன்றும் எனக்குக் கிடைக்காத எடை. எந்தக் குதிரையிலும் ஏறலாம்! சிரிப்பு வந்தது. நர்ஸ் பயந்துபோய் என்னைப் பார்த்தாள்.

மதியம் லாரி அண்ணன் வந்தார். ஊன்றுகோல் இல்லை. லிஃப்ட் வேலை செய்யவில்லை என்று படியேறியே வந்திருக்கிறார். எப்படி நடக்கிறேன் பார் என்று எனக்குக் காட்டுவதற்காக அறைக்குள் இரண்டு அடி எடுத்து வைத்தவர், போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்த்து நின்றுவிட்டார். இவள் அவரைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டுப் போய் நடந்ததையெல்லாம் சொன்னாள். நான் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். கேட்கவில்லை.

திரும்பி வந்தவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "உன் காலையாடா நான் தின்னேன்?" என்றார்.

"நான்தானே அண்ணே குடுத்தேன். நீங்களா பிடுங்கினீங்க?"

அவர், இவள் கொண்டு வந்திருந்த டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு முட்டையை உரிக்கத் தொடங்கினார். ஓடு போர்வையெல்லாம் சிதறியது. உரித்ததை என் கையில் வைத்துவிட்டு, வேறெங்கும் பார்க்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். தின்றேன். இரண்டாவதை உரித்தார். அதையும் தின்றேன். வெட்டிய இடத்துப் புண் இன்னும் முழுசாக மூடவில்லை, அதற்கும் இது வேண்டும்.

அவர் போன பிறகு இவள் பையை மூடிக்கொண்டே, "நாளைக்கு என்னங்க கொண்டு வரட்டும்?" என்று கேட்டாள். நாளைக்கு என்ன சமைக்கட்டும் என்று கல்யாணம் ஆனதிலிருந்து கேட்கிறாள், நான் ஒருநாளும் பதில் சொன்னதில்லை.

மீன், பால், இரண்டு வாழைப்பழம் என்றேன். நீயும் உன் தட்டை இங்கேயே கொண்டு வா, என் எதிரே உட்கார்ந்து சாப்பிடு என்றேன்.