காது நிமிர்ந்த குட்டிகள்

15-6-74, சனி

நல்ல வெயில். காற்று மட்டும் குளிர். ஏழு மணிக்குப் பண்ணைக்குப் புறப்பாடு, பங்கு ஆடு வாங்க. ஆறு வீட்டுக்கு ஒரு கிடாய்.

கொண்டுபோனவை: பெரிய கத்தி, சின்னக் கத்தி, சாக்கு, பழைய பேப்பர் ஒரு கட்டு, இரத்தம் பிடிக்க அலுமினியச் சட்டி. கயிறு மறந்தாயிற்று. வால்டரிடம் கேட்டு வாங்கினோம்.

வால்டர் பண்ணைக்காரன். வெள்ளைக்காரன், என் வயதுதான் இருக்கும். நாங்கள் இருக்கும் ஸ்காபரோ முடிந்து வடக்கே போனால் அவனுடைய பட்டி. ஆட்டைத் தந்துவிட்டு அப்பால் போய்விடுவான். வெட்டுவது உரிப்பது எல்லாம் நாங்கள்தான். இன்றைக்கு ஏனோ பக்கத்திலேயே நின்றான்.

பங்குக்காரரில் ஒருவன் சண்முகம், வழக்கம்போல ஈரலுக்குச் சண்டை.

"அப்பு, போன முறையும் ஈரல் உங்கட வீட்டுக்குத்தான் போனது."

"கத்தி பிடிக்கிறவனுக்கு ஈரல். நீ பிடி, நீ கொண்டு போ."

"ஐயோ, இரத்தம் கண்டால் எனக்குத் தலை சுத்தும்."

"அப்ப வாயை மூடிக்கொண்டு நில்."

பங்கு போட்டு முடிந்த பிறகு வால்டர் என் மகன் தேவனிடம் ஏதோ கேட்டான். தேவன் என்னைக் காட்டினான். நான் ஊரில் அரசாங்க ஆட்டுப் பண்ணையில் காவல்காரனாக இருந்தவன் என்று முன்பே சொல்லியிருக்கிறான் போலும்.

விசயம் இது. இரண்டு ஆட்டுக்குட்டியைக் காணவில்லை. பட்டிக்கு அந்தப் பக்கம் விழுந்த மரத்தின் வேருக்கடியில் ஒரு வளை. உள்ளே கொயோட்டி ஒன்று நாலு குட்டியோடு. கொயோட்டி என்றால் இந்த ஊர் நரி, எங்கள் நரியைவிடப் பெரிது. அசல் காட்டுச் சாதியா, நாய் கலந்ததா என்பதுதான் கேள்வி. தேவன் சொன்னான்:

"அசல் எண்டால் விட்டிடுவாராம் அப்பு. அது எலி முயலைத் திண்டு, ஆளுக்குப் பயந்து இருக்குமாம். நாய் கலந்தது எண்டால் ஆளுக்குக் கூச்சம் இல்லையாம். ஆட்டை விட்டுப் போகாதாம். சுடவேணுமாம்."

எப்படிப் பிரித்து அறிவது என்று அரசாங்க ஆள் ஒருவர் வால்டருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். தேவன் எனக்குச் சொன்னபடி:

அசல் சித்திரையில் குட்டி போடும். கலப்பு அதற்கு முன்பே, தையில் அல்லது மாசியில்.

அசலுக்குத் தகப்பன் குட்டிக்குத் தீன் கொண்டுவரும். கலப்பில் தகப்பன் திரும்பியும் பாராது.

அசல் ஓடும்போது வால் கீழே. நாய் வாலைத் தூக்கும்.

ஐயமறத் தெரிய வேண்டுமென்றால் மண்டையோட்டை அளக்க வேண்டும். அதற்கு முதலில் அது சாக வேண்டும்.

வேலியோரம் போய் நின்றேன். குட்டிகள் வெளியே வெயிலில். நாலுக்கும் காது நிமிர்ந்து நின்றது. எனக்கு உடனே கறுப்பியின் ஞாபகம். ஊர்ப் பண்ணையில் இருந்த பெட்டை நாய். தைப்பொங்கலன்று காலை மாட்டுக்கொட்டில் மூலையில் குட்டி போட்டது, மூன்று கறுப்பு, ஒன்று செம்மறி நிறம். சித்திரை வருசத்துக்குத்தான் அதுகளின் காது நிமிர்ந்தது. மூன்று மாதம். அப்போதும் அதுகளின் உடம்பு இதைவிடச் சின்னது. ஆக, இதுகளுக்கு நாலு மாதம். நாலு மாதம் என்றால் மாசியில் பிறந்தவை.

தாய் எங்களைக் கண்டதும் பற்றைக்குள் ஓடியது. வால் கீழே. அதையும் கண்டேன்.

"கலப்பு. நாய் இரத்தம்" என்றேன்.

தேவன் ஆங்கிலத்தில் சொன்னான். வால்டர் தொப்பியைக் கழற்றி விட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினான். திங்கட்கிழமை முடித்துவிடுவானாம்.

இந்த நாட்டுக்கு வந்து நாலு வருடம். குளிருதா என்று கேட்பார்கள். சாப்பிட்டாச்சா என்று கேட்பார்கள். எனக்குத் தெரிந்த ஒன்றை ஒருவர் கேட்டது இன்றுதான்.

16-6-74, ஞாயிறு

சின்னக் கத்தியை வால்டரின் குழாயடியில் விட்டுவிட்டேன். தேவனுக்கு எட்டு மணிக்கு ஓவர்டைம். அதனால் விடிய ஐந்து மணிக்கே காரை எடுத்தான். வழி முழுக்க முணுமுணுப்பு. ஒரு டொலர்க் கத்திக்கு இரண்டு டொலர்ப் பெற்றோல்.

வால்டர் எழும்பியிருந்தான். தேவனைக் குசினிக்குள் கூப்பிட்டுக் கோப்பி கொடுத்தான். நான் கத்தியை எடுத்துக்கொண்டு வேலியடிக்குப் போனேன். சும்மா பார்க்கத்தான்.

பனிப்புகார் இன்னும் கலையவில்லை. பற்றைக்குள் இருந்து ஒன்று வந்தது. தாய் அல்ல. கழுத்து தடித்த ஆண். வாயில் பெரிய கொழுத்த வளை எலி ஒன்று. நிலத்தில் போட்டது. நாலு குட்டியும் ஓடிவந்து அதன் வாயை நக்கின. வயிற்றில் இருந்ததையும் கக்கிக் கொடுத்தது. தாய் தள்ளிப் படுத்திருந்தது, அவசரம் இல்லாமல், வீட்டுக்காரன் வந்துவிட்டான் என்பது போல.

தகப்பன். தீன் கொண்டுவரும் தகப்பன்.

எவ்வளவு நேரம் நின்றேனோ. தேவன் கூப்பிட்டான்.

"என்ன அப்பு, பாத்தியளே?"

"பாத்தன்."

"என்ன?"

"ஒண்டுமில்லை. கத்தி எடுத்தாச்சு. வா போவம்."

வால்டர் எனக்கும் கோப்பி நீட்டினான். பால் விடாத கோப்பி. குடித்தேன்.

பின்னேரம் சண்முகம் குடும்பத்தோடு வந்தான். தேவன் கதை சொன்னான். மூன்று தரம் சொன்னான், ஒவ்வொரு தரமும் கொஞ்சம் கூட்டி.

"வேலிக்கு இப்பால நிண்டு ஒரே ஒரு பார்வை. அவ்வளவுதான்."

"இஞ்சை பட்டம் படிச்சவன் மண்டையோட்டை அளந்துதான் சொல்லுவானாம்" என்றான் சண்முகம். "அப்பு, இனி வாசலிலை ஒரு போர்ட் போடுவம். நாய், நரி, கலப்பு, இஞ்சை பாத்துச் சொல்லப்படும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

போன் என் கதிரைக்குப் பக்கத்தில். வால்டரின் நம்பர் சுவரில் எழுதிக் கிடக்கிறது. ஆனால் பேசுவதற்குத் தேவன் வேண்டும். அவன் முகத்தைப் பார்த்தேன். தகப்பனை வைத்து அவன் பெருமைப்பட்டதை நான் முன்பு பார்த்ததில்லை.

எனக்குள் சொல்லிக்கொண்ட சாட்டு: அது வேறு ஆணாக இருக்கலாம். ஆட்டுக்குட்டி போனது உண்மைதானே. அவன் மண், அவன் ஆடு, நமக்கென்ன.

மூன்றும் சாட்டு. எழுதும்போதே தெரிகிறது.

17-6-74, திங்கள்

விடியவே மழை. நல்லது. மழைக்குள் எவன் துவக்கோடு இறங்குவான். ராணி, என் மருமகள், துணி காயவில்லை என்று ஏசிக்கொண்டிருந்தாள். மழை விடக்கூடாது பிள்ளையாரே என்று நான்.

பதினொரு மணிக்கு விட்டுவிட்டது. வெயிலும் வந்தது.

ஆறு மணிக்குப் போன். தேவன் எடுத்தான்.

"முடிஞ்சுதாம் அப்பு. தாயும் நாலு குட்டியும். ஆண் ஒண்டு இருக்குதாம், அது அம்பிடேல்லை. உங்களுக்குத் தாங்க்ஸ் சொல்லச் சொன்னவர்."

இரவுச் சாப்பாடு புட்டும் சனிக்கிழமை இறைச்சியும். சாப்பிட்டேன். இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

18-6-74, செவ்வாய்

இடது முழங்கால் நோ. ராணியோடு லோறன்ஸ் வீதியில் பஸ் எடுத்துக் கடைக்கு. செருப்பு ஒரு சோடி. வாழைப்பழம், வெங்காயம், மெழுகுதிரி. பஸ்ஸில் ஒரு கிழவி தன் நாய்க்குட்டியைக் கூடைக்குள் வைத்திருந்தாள். அதன் காது மடிந்து கிடந்தது. நான் எழும்பி வேறு சீற்றில் போய் இருந்தேன். ராணி ஏன் என்று கேட்டாள். வெயில் படுகுது என்றேன்.

கறுப்பியின் குட்டிகளுக்கு என்ன கிடைத்தது? கஞ்சித் தண்ணி, மீன் தலை, சில நாள் அதுவும் இல்லை. அதுகளுக்குக் காது நிமிர மூன்று மாதம் சென்றது. வயிறு நிறைய இறைச்சி தின்ற காட்டுக் குட்டிக்கு எப்போது நிமிரும் என்று எனக்கு என்ன தெரியும்?

நரிக்குட்டியை நான் கண்ணால் கண்டதேயில்லை. அதுகள் வளைக்குள் இருக்கும். முப்பது வருடம் நரியை விரட்டினேன். விரட்டுகிறவனுக்கு நரியின் வால்தான் தெரியும். அந்த வால் சரியாகத்தான் சொன்னது. நான் அதை விட்டுவிட்டு, தெரியாத காதைப் பிடித்தேன்.

ஆனால் பிழை விட்டது சனிக்கிழமை. அது பிழை. ஞாயிற்றுக்கிழமை விட்டது பிழை அல்ல.

20-6-74, வியாழன்

புழுக்கம். ஆள்கூலிக்குப் புல்லு வெட்ட வந்தவன் ராணியின் மிளகாய்க் கன்றில் பாதியையும் வெட்டிவிட்டுப் போய்விட்டான்.

வேலையால் வந்த தேவன் சப்பாத்தைக் கழற்றாமலே சொன்னான்.

"வால்டர் வேலையிடத்துக்குப் போன் பண்ணினவர். அந்த ஆண் ஒவ்வொரு நாளும் விடிய வருதாம். வாயிலை ஏதாவது கவ்விக்கொண்டு வந்து, வளை வாசலிலை வைச்சிட்டு, நிண்டு பாத்திட்டுப் போகுதாம். வைச்சது எல்லாம் அங்கையே கிடந்து நாறுதாம். அதையும் சுடட்டோ எண்டு உங்களைக் கேக்கச் சொன்னார். கலப்புத்தானே? ஓம் எண்டு சொல்லிவிடட்டே?"

"சொல்லாதை."

"ஏன்?"

"சனிக்கிழமை நான் நேரை வந்து சொல்லுறன் எண்டு சொல்லு. அதுவரைக்கும் சுடவேண்டாமாம் எண்டு சொல்லு."

"உதுக்கு ஏன் அவ்வளவு தூரம் அப்பு? ஒரு சொல்லு."

"சொல்லடா தம்பி."

போன் எடுத்துச் சொன்னான். வால்டர் சரி என்றானாம், சனி மட்டும் பொறுப்பானாம்.

21-6-74, வெள்ளி

ராணிக்குச் சொன்னேன். அவளுக்கு முதலில். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"மாமா, இப்ப சொல்லி என்ன? செத்தது எழும்பி வருமே? இவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியிறார். இவரின்ரை முகம் என்ன ஆகும்?"

"ஒண்டு இன்னும் உயிரோடை இருக்குது பிள்ளை."

கீரைத் தண்டை இரண்டாய் மூன்றாய் முறித்தாள்.

"அப்ப சொல்லுங்கோ. ஆனால் காருக்குள்ளை சொல்லிப்போடாதேங்கோ. திருப்பிக்கொண்டு வந்திடுவார்."

கெட்டிக்காரி.

22-6-74, சனி

வெயில் இல்லை, மழையும் இல்லை. நாங்கள் இரண்டு பேர் மட்டும். காருக்குள் ஒன்றும் சொல்லவில்லை.

வால்டர் எங்களைக் கொட்டிலுக்குள் கூட்டிக்கொண்டு போனான். ஐஸ்பெட்டி. தோல் வேறாக, தலைகள் வேறாக. அரசாங்க ஆள் அளக்க வருவாராம். குட்டித் தலை ஒன்றை எடுத்து வாயை விரித்தேன். ஊசி ஊசியாய்ப் பால்பல். ஒன்றுகூட விழவில்லை. நாலு மாதம் என்றால் முன்பல் மாறத் தொடங்கியிருக்கும். இது இரண்டு மாதத்துக்கு மேல் ஒரு கிழமையும் இராது. சித்திரைக் குட்டி.

பல்லைப் பார்த்து ஆட்டுக்கு வயது சொன்னவன் நான். என் சொல்லை வைத்துத்தான் பண்ணையில் ஏலம் விட்டார்கள். இதுகளுக்கு வேலிக்கு இப்பால் நின்று காதைப் பார்த்தேன்.

"தம்பி, இவரிட்டைச் சொல்லு. இது அசல். நான் பிழையாச் சொல்லிப்போட்டன்."

தேவன் என்னைப் பார்த்தான்.

"இன்னும் சொல்லு. சுட முந்தின நாள், கத்தி எடுக்க வந்தமல்லோ, அண்டைக்கே எனக்குத் தெரியும். தகப்பன் தீன் கொண்டுவந்ததை என்ரை கண்ணாலை கண்டனான். தெரிஞ்சும் சொல்லேல்லை."

"என்ன அப்பு கதைக்கிறியள்?"

"சொல்லு."

அவன் காது சிவந்துவிட்டது. வால்டர் பக்கம் திரும்பினான். சின்னதாக ஏதோ சொன்னான். கிழவன், கண், மிஸ்ரேக் என்று எனக்குப் புரிந்த மட்டில். நான் சொன்னதில் பாதி நீளம்கூட இல்லை. வால்டர் சிரித்துக்கொண்டு என் தோளில் கை வைத்தான். நெவர் மைன்ட், நெவர் மைன்ட்.

அந்தக் கையோடு நான் வீட்டுக்குப் போயிருக்கலாம்.

"நோ" என்றேன், என் கண்ணைத் தொட்டுக் காட்டி. "ஐ குட். ஐ சீ பாதர். பூட் கிவ் பேபி. சண்டே. ஐ சீ. ஐ நோ ரெல் யூ."

"அப்பு!" என்றான் தேவன்.

தோளில் இருந்த கை எடுபட்டது. வால்டர் என்னையே பார்த்தான். பிறகு ஐஸ்பெட்டிக்குள் பார்த்தான். தலையை என் கையில் இருந்து வாங்கி உள்ளே வைத்து, மெதுவாக மூடினான். அதன் பிறகு பேசினான். சத்தம் போடவில்லை. கொஞ்ச நேரம் பேசினான். சுவரில் சாத்தியிருந்த துவக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டான். துவக்கில்லாமல் வந்து படலையைத் திறந்துவிட்டான், எங்கள் கார் போக.

கிடாய் வாங்கவில்லை. கேட்கவும் இல்லை.

பெரிய வீதிக்கு ஏறிய பிறகுதான் கேட்டேன்.

"என்ன சொன்னவர்?"

"ஆணைச் சுடமாட்டாராம்."

"வேறை?"

"பறவாயில்லையாம்."

"வேறை ஒண்டும் சொல்லேல்லையே?"

"அவ்வளவுதான் அப்பு."

வால்டர் சொன்னதில் சண்டே இரண்டு தரம் வந்தது. எனக்கு நாட்களின் பெயர் தெரியும்.