வியர்வையில் வாசித்த பனிப்பாட்டு

மே 3

இன்றும் கிளப்பில் பாதி மேஜை காலி. கண்ணை மூடிக்கொண்டு உயிரைக் கொடுத்து வாசித்துக்கொண்டிருக்கிறேன், முன் மேஜை அம்மா எழுந்து வந்து, "ஏங்க, பாத்ரூம் எந்தப் பக்கம்?" என்று என்னிடமே கேட்கிறாள். தாடையால் காட்டினேன். தாளம் தப்பவில்லை. இத்தனை வருஷம் ஜாஸ் பியானோ வாசித்ததற்கு அதுவாவது மிச்சம்.

முடிந்ததும் ரெக்கார்டு கம்பெனிக்காரர் ஒருவர் வந்தார். வருஷக் கடைசி விடுமுறைக்கு ஓர் ஆல்பம் வேண்டுமாம். பனி, சறுக்கு வண்டி, மணியோசை. எல்லாருக்கும் தெரிந்த பாட்டுகள், எங்கள் பாணியில். அது நன்றாகப் போனால் எங்கள் சொந்த மெட்டுகளையும் பதிவு செய்வாராம்.

எங்கள் டிரம்ஸ்காரர் 'இடி' உடனே தலையாட்டிவிட்டார். அண்ணன் தன் ஆளுயர டபுள் பேஸ் வாத்தியத்துக்கு உறை மாட்டிக்கொண்டே சொன்னான்: "கிலுகிலுப்பை ஆட்டுறதுக்கா இத்தனை வருஷம் விரல் தேய வாசிச்சோம்? நீ வேணும்னா போ. என்னை ஆளை விடு."

மே 5

சரி என்று சொல்லிவிட்டேன். தப்போ? சொந்தப் பாட்டு பதிவாகணுமே. அதில் பாதி மெட்டு அண்ணன் போட்டதுதானே? இதை அவனிடம் சொன்னால், "என் மெட்டை வெச்சு என்னையே மடக்கப் பாக்குறியா?" என்றான். ஃபோனை வைத்துவிட்டான்.

மே 19

பதிவு. வெளியே அனல். மின்விசிறி சத்தம் மைக்கில் விழும் என்று அதையும் நிறுத்திவிட்டார்கள். ஜன்னலும் சாத்தியாச்சு. "பனி கொட்டுற மாதிரி வாசிங்க மேடம்" என்கிறார் ஒலிப்பதிவாளர். கொட்டியதென்னவோ வியர்வை. கட்டையில் விரல் வழுக்கி, போக வேண்டிய சுரத்தைத் தாண்டி எங்கோ போய் விழுந்தேன். "ஆஹா! வண்டி சறுக்கிடுச்சு! அப்படியே இருக்கட்டும்" என்றார். இருந்துவிட்டது.

அண்ணன் இல்லாததால் பேஸ் வேலையையும் என் இடது கைதான் பார்த்தது. இடிக்கு இரண்டு கையும் டிரம்ஸில். மணிகளை யார் ஆட்டுவது? கணுக்காலில் கட்டிக்கொண்டார். இடைவேளையில் அவிழ்க்கச் சோம்பல்பட்டு அப்படியே படியேறி டீ குடிக்கப் போனார் — ஜல், ஜல், ஜல். மாடி ஆபீஸிலிருந்து ஒருவர் இறங்கி வந்தார்.

"சார், கட்டடத்துக்குள்ள ஆடு ஏதாவது பூந்துடுச்சா?"

மே 21

அட்டைப்படம் எடுத்தார்கள். இந்த வெயிலில் கம்பளிச் சட்டை. தலைமேல் தூவிய பஞ்சு மூக்குக்குள் போய் ஒரே தும்மல். "அப்படியே இருங்க, முகத்துல என்ன ஒரு பூரிப்பு!" என்றார் படக்காரர்.

ஜூன் 2

அண்ணி கூப்பிட்டாள். "உங்க அண்ணன் வீட்ல அந்த பேஸ்கிட்ட மட்டும்தான் பேசுறார். நான் எது கேட்டாலும் 'உம்'. நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டா என் உயிரை ஏன் வாங்குறீங்க?"

நானும் "உம்" என்றேன்.

நவம்பர் 14

ஆல்பம் வந்துவிட்டது என்பதையே இன்று பல் டாக்டர் நாற்காலியில் படுத்திருந்தபோதுதான் தெரிந்துகொண்டேன். ஸ்பீக்கரில் பியானோ. யாரோ நல்லாத்தான் வாசிக்கிறாங்க என்று நினைத்தேன். அப்புறம் வண்டி சறுக்கியது. ஐயோ, நான்தான்!

"போன வாரம் வாங்கினேன்" என்றார் டாக்டர். "இதைப் போட்டா பேஷன்ட் அலறுறது வெளிய கேக்காது."

வாய் நிறையப் பஞ்சும் குழாயும். "ஆ... ஆங்... ஆன்!" என்று என் நெஞ்சையே தொட்டுத் தொட்டுக் காட்டினேன். பாவம், வலிக்கிறது என்று நினைத்து இன்னொரு ஊசி போட்டுவிட்டார். வீடு வந்து சேரும்வரை உதடு எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை.

டிசம்பர் 9

எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் அந்தச் சறுக்கு வண்டிப் பாட்டுதான் ஓடுகிறது. செருப்புக்கடை, மருந்துக்கடை, லிஃப்டுக்குள்ளேகூட.

அண்ணன் ஃபோன்! இத்தனை மாசம் கழித்து. நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது.

"ஆறாவது பாட்டுல பேஸ் வாசிச்சவன் யாரு?"

"நான்தான். இடது கை."

"அதானே பாத்தேன். கண்றாவியா இருக்கு."

வைத்துவிட்டான். எனக்கு ஏன் அழுகை வந்தது? அப்புறம்தான் உறைத்தது — ஆறாவது பாட்டு எந்தக் கடையிலும் ஓடவில்லையே. அதைக் கேட்கணும்னா ஆல்பத்தை வாங்கினால்தான் உண்டு.

டிசம்பர் 10

மறுபடியும் கூப்பிட்டான். மூன்றாவது பாட்டும் கண்றாவியாம்.

ஜனவரி 8

கம்பெனிக்காரர் சொன்ன வாக்கைக் காப்பாற்றுகிறார். சொந்த மெட்டுகள் கோடையில் பதிவு. கூடவே இன்னொரு விடுமுறை ஆல்பமும் வேண்டுமாம். இரண்டையும் ஒரே மூச்சில் அண்ணனிடம் கொட்டிவிட்டேன். "சொந்தப் பாட்டுக்கு வர்றேன்" என்றான். மற்றதைப் பற்றி வாயே திறக்கவில்லை. நானும் கிளறவில்லை.

மார்ச் 1

மூவரும் சேர்ந்து கிளப்பில். இன்று உட்கார இடமில்லை, சுவரோரம் நின்று கேட்டார்கள். அண்ணனின் மெட்டு ஒன்றை முடித்தோம். நல்ல கைதட்டல். அது அடங்குமுன் பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்: "அந்த சறுக்கு வண்டிப் பாட்டு!"

அண்ணன் இப்போதுதானே என்னோடு பேச ஆரம்பித்திருக்கிறான்? அவன் பக்கம் திரும்பவே பயம். "மன்னிக்கணுங்க, அது விடுமுறைக்குத்தான்..." என்று இழுத்தேன்.

முதுகுக்குப் பின்னால் டபுள் பேஸ் தும், தும் என்று கிளம்பிவிட்டது. அதே பாட்டு. மூஞ்சியை மட்டும் கடுகடுவென்று வைத்திருந்தான்.

நான்தான் ஒரு தாளச் சுற்று தாமதமாகப் பாட்டுக்குள் நுழைந்தேன்.