அம்மா போன் எடுக்காத ஏழு கிழமைகள்

பென்டில் ஹில்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மகன் அனோஜனுக்கு,

நீயும் சுஜீவாவும் பிள்ளையும் ரொறன்ரோக் குளிரில் சுகமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை, அதனால் இருக்கிறோம் என்றே வைத்துக்கொள். பிள்ளையின் படங்கள் எல்லாம் வந்தன, மூக்கு உன்னுடையதுதான். நீ எத்தனையோ தரம் போன் எடுத்தும் நான் கதைக்கவில்லை என்று கோபத்தில் இருப்பாய். அம்மா குளிக்கிறா, படுத்திட்டா, கடைக்குப் போயிட்டா என்று அப்பா சொன்னதெல்லாம் பொய், நான் பக்கத்தில்தான் இருந்தேன். மகன், எனக்குக் குரல் இல்லை. ஏழு கிழமைக்கு முன்னம், இரண்டு மாதம் ஆகப்போகிறது, கழுத்தில் ஒப்பரேஷன் நடந்தது. தைரொய்ட் கட்டி பெருத்து மூச்சுக்குழாயை அமத்திக்கொண்டிருந்தது. புற்றுநோய் இல்லை, பயப்படாதே. ஆனால் குரல் நரம்பு ஒன்று வேலை செய்யாமல் போய்விட்டது, இப்போது வாயைத் திறந்தால் காற்றுத்தான் கூடுதலாக வருகிறது. சுஜீவாவுக்கு மாதம் நிறைந்திருந்த நேரம், சொன்னால் நீ உடனே விமானம் ஏறியிருப்பாய், அதனால்தான் மறைத்தோம். வாட்ஸ்அப்பில் இவ்வளவையும் தட்டப் பொறுமை இல்லாமல் பேனையை எடுத்தேன்.

நான் எப்படிப் பாட்டுக்காரியானேன் என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. உனக்கு நாலு வயதாக இருக்கும்போது ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைப் பகுதியில் எனக்கு வேலை கிடைத்தது. சூடாக வரும் விரிப்புகளை இரண்டு பேர் எதிரெதிரே நின்று மடிக்க வேண்டும். என் எதிரே நின்றவள் சிலியிலிருந்து அகதியாக வந்த மார்த்தா. அவள் பாடிக்கொண்டே மடிப்பாள், பாட்டு ஓடினால்தான் இருவர் கையும் ஒன்றாக அசையும் என்பதால் நானும் சேர்ந்து முணுமுணுத்தேன். பள்ளிக்கூடத்தில் தேவாரம் பாடியதைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது. ஒரு வருஷம் போனபிறகு அவளுடைய தம்பி ரொட்ரீகோவின் லத்தீன் ஜாஸ் குழுவில் பாடுகிற பெண்ணுக்குக் காய்ச்சல் வந்து, ஒரு கலியாண வீட்டில் பாட ஆளில்லாமல் போனது. மார்த்தா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். ஸ்பானிஷ் வரிகளைத் தமிழெழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்துப் பாடினேன். பாடி முடிய ரொட்ரீகோ பியானோவை விட்டு எழும்பி வந்து, நீ தாளத்துக்கு முன்னால் ஓடவும் இல்லை, பின்னால் தங்கவும் இல்லை, இதை ஒருவருக்கும் சொல்லிக்கொடுக்க முடியாது, அடுத்த ஞாயிறும் வா என்றார்.

அந்த ஞாயிறுகள் இருபத்தெட்டு வருஷம் ஓடின. கலியாண வீடுகள், ஆற்றங்கரை விழாக்கள், மெல்பன் மேடைகள், இரண்டு சீடிகள். பாட்டின் அர்த்தத்தைக் கேட்டுக் கேட்டு அந்த மொழியையும் படித்துக்கொண்டேன். ஆனால் திங்கள் காலை ஆறு மணிக்குத் திரும்பவும் விரிப்புகளுக்கு முன்னால் நிற்க வேண்டும். ஒரு நாள் எங்கள் கோயிலுக்கு வருகிற விமலாதேவி அன்ரி கடையில் வைத்து எல்லாருக்கும் கேட்க, கோயிலில் பாடலாமே, ஏன் உந்தக் கிளப்புகளில் பாடுகிறாய் என்று கேட்டா. நான் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன், நிமிரவே இல்லை. அதெல்லாம் நோகவில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் உனக்குப் பரிசு தந்த அன்று நான் மெல்பனில் பாடிக்கொண்டு நின்றேனே, அதுதான் நோகிறது. நீ அதைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கவில்லை. சண்டை பிடித்திருந்தால் நல்லாய் இருந்திருக்கும், மகன். பிழை என்னுடையது, இவ்வளவு காலம் கழித்து எழுதுகிறேன்.

ஒப்பரேஷனுக்கு முந்தின ஞாயிறு பகல் பரமட்டாவில் ஒரு சின்ன மண்டபத்தில் பாடினேன். குரலுக்கு உத்தரவாதம் இல்லை, கட்டியை விட்டுவைத்தால் மூச்சுக்கும் உத்தரவாதம் இல்லை என்று டொக்டர் முன்னமே சொல்லியிருந்தார். குழுவில் ஒருவருக்கும் நான் சொல்லவில்லை. கடைசிப் பாட்டு முடிய வேண்டிய இடத்தில் நான் முடிக்காமல் இன்னொரு சுற்றுப் போனேன். ரொட்ரீகோ நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கூடவே வாசித்தார். பிறகும் ஒரு சுற்று, பிறகும் ஒன்று. சனம் கைதட்டி ஓய்ந்தபிறகு பக்கத்தில் வந்து, யோகா, எங்கே போகப்போகிறாய் என்று மட்டும் கேட்டார். நான் கதிரையில் அமர்ந்து அழுதேன்.

இப்போது பேச்சுப் பயிற்சிக்குப் போகிறேன். கதைக்கிற குரல் ஒரு வருஷத்தில் ஓரளவு வரலாம், பாடுகிற குரல் வராது என்று பயிற்சி தருகிற பிள்ளை நேராகவே சொல்லிவிட்டாள். உனக்கு மட்டும் ஒன்று சொல்லுகிறேன். அதைக் கேட்டதும் எனக்கு முதலில் துக்கம் வரவில்லை, அப்பாடா என்றிருந்தது. இனி ஞாயிற்றுக்கிழமை ஒரு கதிரையில் சும்மா இருக்கலாம் என்று நினைத்தேன். அவ்வளவு களைத்துப்போயிருந்தேன் என்று அதுவரை எனக்கே தெரியாது. துக்கம் மெல்ல மெல்லத்தான் வருகிறது, வரும்போது குசினியில் பாத்திரம் கழுவுகிற மாதிரித் தண்ணீரைத் திறந்துவிட்டு நிற்கிறேன்.

ஆனால் அப்பாவால்தான் தாங்க ஏலாமல் இருக்கிறது. இத்தனை வருஷமும் என்னைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, தனக்கு அந்தப் பாட்டு விளங்காது என்று காருக்குள் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மனிசன். போன கிழமை ஒரு பின்னேரம் தேத்தண்ணியோடு தேடிப் போனால் கராஜில் காருக்குள் இருக்கிறார். என் சீடி ஓடுகிறது, ஒரு சொல் பிசகாமல் கூடப் பாடிக்கொண்டிருக்கிறார். என்னைக் கண்டதும் நிப்பாட்டிவிட்டு, “உமக்கு நோகும் எண்டு நினைச்சுத்தான் இஞ்சை வந்து கேக்கிறனான்” என்றார். பிறகு, “உம்மட சத்தமில்லாமல் எனக்கு வீட்டுக்குள்ள இருக்க ஏலாமக் கிடக்கு, ராணி” என்றார். நான் மற்றப் பக்கத்தால் ஏறி இருந்து, சீடியைத் திரும்பப் போட்டு, பாடுங்கோ என்று கையால் காட்டினேன். சுருதி எங்கேயோ போனது. ஆனாலும் முழுப் பாட்டையும் பாடி முடித்தார்.

பிள்ளைக்குத் தலையில் குளிர் படாமல் பார்த்துக்கொள். சுஜீவாவைப் பாரம் தூக்க விடாதே. எனக்காக இப்போது ஓடி வர வேண்டாம், பிள்ளை கொஞ்சம் வளரட்டும். நீங்கள் மூன்று பேரும் நோய் நொடியில்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக நெடுங்காலம் இருக்க வேண்டும் என்று மனதார ஆசீர்வதிக்கிறேன். மறக்காமல் ஒன்று செய். அடுத்த முறை போன் எடுக்கும்போது என்னைக் கேளாதே, அப்பாவோடு கதை. அம்மாவின் பாட்டு ஒன்றைப் பாடுங்கோ அப்பா என்று கேள். தனக்குத் தெரியாது என்றுதான் முதலில் சொல்லுவார். விடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
யோகராணி மகேந்திரராஜா