சீமாட்டியை யாரும் பார்க்கக் கூடாது

மார்ச் 3

அவர் போய் ஒரு மாசம் தாண்டிவிட்டது. அவரோட சின்ன வீடு இன்னும் ஹாலில் உட்கார்ந்து என்னை முறைக்கிறது.

வலைக்கூண்டு, உள்ளே ஒரு செடி, மேலே ஒரு பல்பு, நடுவில் ஒரு பச்சோந்தி. சீமாட்டி என்று பேர் வைத்தது அவர்தான். லிஃப்ட் ரிப்பேருக்குப் போன வீட்டில் வேண்டாம் என்று கொடுத்தார்களாம், தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். எனக்கென்று தனியாக ஒரு பல்பு வாங்கித் தந்ததில்லை அந்த மனுஷன்.

அது ஒரு கண்ணால் என்னைப் பார்க்கிறது, இன்னொரு கண்ணால் அவர் போட்டோவை. போகும்போது உன்னையும் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம்டி.

மார்ச் 4

நாத்தனார், அதாவது அவரோட அக்கா, துக்கத்துக்குப் பெட்டியோட வந்தவங்க. இன்னும் கிளம்பலை. நான் எழுந்தால் எழுந்திருக்கறாங்க. பாத்ரூம் போனால் கதவுக்கு வெளியே நிக்கறாங்க. "அழுதுடும்மா, நெஞ்சுல வச்சுக்காதே" என்று எதிரே உட்கார்ந்து முகத்தையே பார்த்தால் எங்கேர்ந்து அழுகை வரும்? கொட்டாவிதான் வருது.

மார்ச் 8

சீமாட்டி ஊதிப்போயிருக்கு. ஒரு நாள் விட்டு ஒரு நாள், அதுவும் கொஞ்சமா பூச்சி போடணும் என்று அவர் சொன்னது ஞாபகம் இருக்கு. ஆனா அது வாயைத் திறந்து பார்க்கும்போது மனசு கேட்கலை. அள்ளி அள்ளிப் போட்டேன்.

"நீ தின்னாததையெல்லாம் சேத்து அது தின்னுது" என்றாங்க நாத்தனார்.

மார்ச் 10

சாப்பிட மாட்டேங்குது. கிளையை விட்டு இறங்கி, கூண்டு மூலையைப் பிறாண்டிக்கிட்டே இருக்கு. வயிறு முழுக்கக் கோலி குண்டு போட்ட பை மாதிரி.

நாத்தனார் குனிந்து பார்த்தாங்க. "ஏம்மா, இது முழுகாம இருக்கு! அப்பன் யாரு?"

"நம்ம வீட்டுல இருந்த ஒரே ஆம்பளை உங்க தம்பிதான் அண்ணி."

முந்தானையால் வாயைப் பொத்திக்கிட்டாங்க. சிரிச்சாங்களா அழுதாங்களா தெரியலை.

கூடையில் வைத்து மிருக டாக்டரம்மாவிடம் கொண்டுபோனோம். ஆணே வேண்டாமாம், கோழி மாதிரி தானாகவே முட்டை வருமாம். நிறையத் தீனி போட்டால் நிறைய முட்டையாம். என் கைங்கரியம்! தோண்டிப் புதைக்க இடம் கிடைக்கலேன்னா உள்ளேயே அடக்கிக்கிட்டுச் செத்துப்போகும் என்றாங்க.

செத்துப்போகும் என்றதும் கூடையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டேன். ஒரு ஓணானுக்காக. த்தூ.

மார்ச் 11

ஆழமான வாளி. அதில் ஈர மணல். கையில் பிடித்தால் உருண்டை நிக்கணும், தண்ணி சொட்டக் கூடாது. விரலால் குழி போட்டுப் பார்த்தேன், சரியலை. கூண்டுக்குள் வைத்தேன்.

மார்ச் 13

முட்டை வரலை. தோண்டுறா, தலையைத் தூக்கிப் பார்க்கிறா, ஏறிப் போயிடறா. உடம்பு கறுத்துப்போச்சு.

எங்க கவனிப்பில் ஒரு குறையும் இல்லை. நானும் நாத்தனாரும் நாற்காலி போட்டு முறை வைத்துக் காவல் இருக்கோம். மாடி வீட்டுக்காரம்மாகூட வந்து பார்த்துட்டு, "ஐயோ பாவம்" என்று சொல்லிட்டுப் போனாங்க.

மார்ச் 14

கண்ணைப் பகலிலேயே மூடுது. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன்.

"யாராவது பாத்துக்கிட்டே இருக்கீங்களா?"

"ஒரு நிமிஷம்கூட விடலை டாக்டர். முறை போட்டுப் பாக்கறோம்."

"அம்மா தாயே! ஆள் பாக்குதுன்னு தெரிஞ்சா குழியை விட்டுட்டுப் போயிடும். தனியா விடுங்க. நாளைக்கும் போடலேன்னா தூக்கிட்டு வாங்க."

நாற்காலியைத் தூக்கிப் போட்டேன். பல்பை விட்டுத் தள்ளி, கூண்டைச் சுற்றி அவரோட போர்வையைக் கட்டினேன். அவர் வாசனை இன்னும் போகலை அதில்.

நாத்தனார் மட்டும் நகரலை. "உள்ள ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

"அண்ணி, அது பாத்துக்கும். வாங்க வெளிய."

"அதைச் சொல்லலைம்மா." குரல் உடைஞ்சு போச்சு. "உன்னைத் தனியா விட்டா நீ ஏதாவது பண்ணிக்குவியோன்னு... அவனும் போயிட்டான்."

அட கடவுளே. பாத்ரூம் கதவுக்கு வெளியே நின்னது அதுக்குத்தானா?

"நான் செத்தா இந்தச் சக்களத்திக்கு யாரு பூச்சி போடுவா? நீங்களா?"

"ச்சீ, நான் தொடவே மாட்டேன்."

"அப்ப நான் இருந்துதானே ஆகணும்."

ரெண்டு பேரும் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம். என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. முகத்தைப் பார்க்கலை.

மார்ச் 15

போர்வை ஓரமா ஒரு கண்ணை மட்டும் விட்டேன். வாளியில் வால் மட்டும் தெரிஞ்சுது. ஓடி வந்துட்டேன்.

சாயங்காலம் பார்த்தால் மணல் சமமா இருக்கு, மிதிச்சு மெழுகினது மாதிரி. ஒண்ணுமே நடக்காத மாதிரி கிளையில் உட்கார்ந்திருக்கா கள்ளி. வயிறு ஒட்டிப்போச்சு. தண்ணி தெளிச்சேன், நக்கி நக்கிக் குடிச்சா.

தோண்டினேன். அம்மாடி, எவ்வளவு முட்டை! இனிமே அளந்துதான்டி உனக்குச் சாப்பாடு.

மார்ச் 17

நாத்தனார் ஊருக்குப் போனாங்க. பஸ் ஏறும்போது, "தினம் போன் பண்ணு" என்றாங்க. அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து கதவைத் தாழ் போட்டேன். துவைக்கலாம் என்று போர்வையை அவிழ்த்தேன். துவைக்கலை. தலையோட போர்த்திக்கிட்டுத் தரையில் உட்கார்ந்து, மூக்கு ஒழுக ஒழுக, மாடு கத்துற மாதிரி அழுதேன்.

எவ்வளவு நேரமோ. போர்வையை விலக்கினால் சீமாட்டி ஒரு கண்ணால் என்னையே பார்க்கிறா.

"என்னடி பாக்கற? திரும்பு."

அந்தக் கண்ணை மட்டும் மெதுவா செடிப் பக்கம் திருப்பிக்கிட்டா.