பெட்டியில் குங்குமம்

வெள்ளி, 7 மார்ச். செங்காங்கில் விடாத மழை.
இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள், நோட்டே. மகள் யாழினி தூங்கப் பதினொன்றரை.

புதுக் கைப்பேசி அவளுக்குக் காது கேட்க உதவும் கருவிகளோடு சேரவில்லை. எட்டு முறை முயற்சி. ஒலி நேராகக் கருவிக்குப் போக, இரண்டிலும் ஒரே கோடெக் வேண்டும். ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை. வாங்குமுன் ஐந்து கைப்பேசிகளுக்கு அட்டவணை போட்டேன். கோடெக் பட்டியல் நீளமாக உள்ளதைத் தேர்ந்தெடுத்தேன். பாட்டுக் கேட்பவர்களுக்கானவை எல்லாம் உண்டு. கருவிக்கு வேண்டிய எல்.சி.3 மட்டும் இல்லை. எஞ்சினியரிங் படித்தவள் நான்.

ஆனால் கடையிலும் கேட்டேனே. "டாப் மாடல்மா, எல்லா கோடெக்கும் இருக்கு."

புதன் காலை பேச்சுப் பயிற்சி, வீடியோவில். அறை ஸ்பீக்கரில் அவளுக்கு 'ஸ' கேட்காது. நாலு வயது. பழைய கைப்பேசியின் திரை செத்துவிட்டது.

சனி, 8. வெயில்.
யாழினியோடு லிட்டில் இந்தியா, கைப்பேசி வாங்கிய கடை. கடைக்காரர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"கறை இருக்கேம்மா. மாத்த முடியாது."
வாங்கிய அன்றே கணவர் கார்த்திக் கோயிலில் வைத்துக் குங்குமம் இட்டார். பெட்டிக்கும் கைப்பேசிக்கும். அவர் வீட்டில் ஃப்ரிட்ஜுக்கும் அப்படித்தான்.
"கறை இல்லண்ணே, குங்குமம். உங்க கல்லா மேல இருக்கிற சாமி படத்துக்கும் அதைத்தானே வெச்சிருக்கீங்க?"
பக்கத்தில் சார்ஜர் பார்த்துக்கொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். கடைக்காரருக்குக் காது சிவந்தது.
"சின்னப் பிள்ளைக்கு எதுக்குமா இவ்வளவு சவுண்ட் குவாலிட்டி?"
"குவாலிட்டி வேணாம். கேட்டாப் போதும்."
கடையிலேயே கருவியோடு இணைக்க முயன்று காட்டினேன். யாழினி உரக்க, "அம்மா, ஒண்ணும் வரல." கடை முழுக்கத் திரும்பியது. முன்பெல்லாம் அவள் முடியை இழுத்துக் கருவியை மறைத்திருப்பேன். இன்று மறைக்கவில்லை.
"மேனேஜர்கிட்ட கேக்கணும். மெசேஜ் பண்ணுங்க."

ஞாயிறு, 9.
வாங்க வேண்டியவை: பால், கருவிக்குப் பேட்டரி. டயப்பர் இனி வேண்டாம் (கழிப்பறைக்குப் பழகிவிட்டாள்!).
கார்த்திக்: "வேற ஒண்ணு வாங்கிக்கலாம் லா. எதுக்கு சண்டை?"
"நான் கேட்டேன், அவர் இருக்குன்னார். அதுக்குத்தான்."
"சரி, பெட்டியையாவது துடைச்சுக் கொடு."
"நீங்க வெச்சது. நான் துடைக்க மாட்டேன்."
பாத்திரம் அவரே கழுவினார்.
பயமாகத்தான் இருக்கிறது. புதன் வகுப்பு தவறினால் அடுத்தது இரண்டு வாரம் கழித்து.

திங்கள், 10. மேகம்.
சனியன்று அனுப்பிய மெசேஜுக்குப் பதில் வரவில்லை. மறுபடி அனுப்பப்போவதை முதலில் இங்கே எழுதிப் பார்க்கிறேன்:

அண்ணே, வணக்கம். சனிக்கிழமை பிள்ளையோடு வந்தவள். எல்லா கோடெக்கும் இருக்கிறது என்று நீங்கள் சொன்னதால் வாங்கினேன். எல்.சி.3 உள்ள மாடலைக் கொடுங்கள், விலை குறைந்ததானாலும் சரி. நாளை மாலை ஆறு மணிக்குக் கருவிகளோடு வருகிறேன். ஒலி வந்தால்தான் எடுத்துக்கொள்வேன். பெட்டி குங்குமத்தோடுதான் வரும். புதன் காலை என் மகளுக்கு வகுப்பு. சீக்கிரம் பதில் போடுங்கள்.