துரைசானிக்கு நாலு மணி டீ

1931 ஜூலை 7, செவ்வாய்

கொளுத்தும் வெயில். ஹாஸ்டல் பங்களாவின் சரித்திரத்தை நான் எழுத வேண்டுமாம், சரித்திர டீச்சர் உத்தரவு. கட்டியது ஓர் அவுரிச் சாய வியாபாரத் துரை. பிறகு ஒரு ஜமீன்தார். இப்போது காலேஜ். துரைமார் நடனமாடிய ஹாலில் எங்கள் கட்டில்கள்.

மீதி சரித்திரம் ஹாஸ்டல் ஆயா சொன்னது: "தொர சீமைக்குப் போலாம்னாரு. தொரசானி இந்த வூட்ட வுட்டு வரமாட்டேன்ட்டா. செத்தும் இங்கியேதான் கீறா."

நிஜம்தான். சாயங்காலம் கடற்காற்று வந்ததும் ஹால் சுவரில் முனகல். பக்கத்துக் கட்டில் ஜைனபும் நானும் தினம் நாலு மணிக்கு ஜன்னலில் ஒரு கப் டீ, ஒரு பிஸ்கட் வைக்கிறோம். வெள்ளைக்காரிக்குத் தேங்காய் உடைத்தால் புரியுமா? பிஸ்கட் தினமும் காலி. (காக்கா என்று எனக்குச் சந்தேகம். ஜைனபுக்கு இல்லை.)

ஜூலை 9, வியாழன்

காஞ்சிபுரத்திலிருந்து அப்பா கடிதம். யாரோ வத்தி வைத்துவிட்டார்கள். ஞாயிறு வருகிறார். பேய் இருப்பது நிஜமானால் கையோடு அழைத்துப் போய்விடுவாராம், படிப்பு போதுமாம்.

அழுதேன். சாப்பிடவில்லை. எனக்கும் இந்த வீட்டை விட்டுப் போக மனசில்லை, துரைசானி!

ஜூலை 11, சனி

முனகல் ஆரம்பித்ததும் மேஜைமேல் ஏறிச் சுவரில் காது வைத்தேன். உயரத்தில் ஒரு ஓட்டை. அந்தக் காலத்தில் வராந்தாவில் ஆள் உட்கார்ந்து, ஹால் கூரையில் தொங்கிய துணி விசிறியை, அதான் பங்காவை, இழுக்கக் கயிறு விட்ட ஓட்டை! காற்று அதில் நுழைந்து முனகுகிறது. என் பழைய ரவிக்கையைத் திணித்தேன். கப்சிப்.

சிரித்துச் சிரித்து வயிற்றுவலி. ஜைனப் மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப துரைசானி இல்லவே இல்லியாடி?" எனக்கும் என்னவோ போல் ஆகிவிட்டது.

ஜூலை 12, ஞாயிறு

நல்ல காற்று. அப்பா குடையோடு வந்தார். ஹாலில் நின்று வெகுநேரம் காது கொடுத்தார். ஒரு சத்தமில்லை. அப்பாடா என்றிருந்தது.

திரும்பினால் ஜன்னலில் டீ, பிஸ்கட்! ஜைனப் பழக்க தோஷத்தில் வைத்துவிட்டிருக்கிறாள்.

"இது யாருக்கும்மா?"

சட்டென்று கப்பை எடுத்து நீட்டினேன். "உங்களுக்குத்தாம்பா."

உட்கார்ந்து நிதானமாகக் குடித்தார். "சக்கரை கொஞ்சம் தூக்கல்." பிஸ்கட்டையும் தின்றார். வாசலில் குடையை விரித்துக்கொண்டே, "பி.ஏ.வை முடிச்சுட்டே வா" என்றார்.

ஓடி வந்து ரவிக்கையைப் பிடுங்கினேன். உடனே முனகல்.

"பாவம்டி, அவ பங்கை உங்கப்பா குடிச்சுட்டாரு" என்றாள் ஜைனப்.

வேறு டீ போட்டு வைத்தோம். இன்றைக்கு மட்டும் இரண்டு பிஸ்கட்.